மெர்சி சொல்லாத வீடு

மொன்றியலில் மெர்சி மலிவு. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் சாரதிக்கு ஒரு மெர்சி, அதாவது பிரெஞ்சு நன்றி, சொல்கிறார். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கினால் கடைக்காரர் ஒன்று, வாங்கினவர் ஒன்று, போகும்போது கதவைப் பிடித்தவருக்கு இன்னொன்று. குளிரில் வாய் விறைத்தவர்கள்கூட மெர்சி மாதிரி எதையோ முனகிவிட்டுத்தான் போவார்கள். இப்படிப்பட்ட ஊரில், ஊத்ரமோன் மேட்டிலுள்ள ஒரு கல்வீட்டில் மட்டும், வேலைக்காரருக்கு மெர்சி சொல்வதில்லை என்று ஒரு வைராக்கியம் இருந்தது. பணக்காரரின் கஞ்சத்தனம் எதில் வெளிப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலர் ஹீற்றரைக் குறைத்து வைப்பார்கள். இவர்கள் இதைக் குறைத்தார்கள். பழைய தாத்தா ஒருவர் போட்ட கட்டளையாம். காரணம் மறந்துபோய் விட்டது, பழக்கம் மிஞ்சி விட்டது. அதற்குத்தான் குடும்பப் பண்பாடு என்று பெயர்.

அந்த வீட்டில் வேலை செய்த றோசலினுக்கு இது ஒரு குறையாகப் படவில்லை. அவள் மன்னாரில் பேசாலைக்காரி. அவளுடைய வீட்டில் சோறு போட்ட தாய்க்கு யாரும் நன்றி சொன்னது கிடையாது. சொல்லியிருந்தால் அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். நம்மவர்களுக்கு நன்றி என்பது மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிற சாமான். அதை விட்டால் செத்தவீட்டுக்கு. புருஷன் அருமைநாதன் மாரடைப்பில் போய் முப்பத்தோராம் நாளன்று கார்ட் அடித்தார்கள். மேலே ‘நன்றி நவிலல்’ என்று கொட்டை எழுத்து. அந்தச் சொல்லை அவள் சொந்தத் தேவைக்குப் பாவித்தது அந்த ஒருமுறைதான்.

அதற்குப் பிறகு நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அறை அப்பார்ட்மென்ட், ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்ற நாட்களில் மதாமின் கல்வீடு. மதாம் விதவை. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், சுவர்தான் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற தோரணையில். றோசலின் எதைச் செய்தாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: “சே கொறெக்ட்.” சரி, பரவாயில்லை, போ. இவ்வளவும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கும்.

வீட்டில் ஏதோ சரியில்லை என்று றோசலினுக்குப் பட்டது கம்பளங்களால்தான். கம்பள ஓரத்துக் குஞ்சங்கள் எல்லாம் மும்மூன்றாகப் பின்னப்பட்டிருந்தன. அவிழ்த்து வைத்தால் அடுத்த நாள் மறுபடி பின்னல். தரை துடைக்கிற மொப்பின் நூலிலும் பின்னல். மதாமுக்கு மூளை தளர்ந்துவிட்டது என்று றோசலின் நினைத்தாள். றோசலினுக்குத் தளர்ந்துவிட்டது என்று மதாம் நினைத்தார். ஒரு நாள் மத்தியானம் றோசலின் துணி தோய்க்கிற அறையில், கொண்டை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் கதிரையில் கண்ணயர்ந்து விட்டாள். விழித்தபோது அவளுடைய தலை பின்னியிருந்தது. அவள் பின்னுவது மாதிரி அவசரப் பின்னல் அல்ல. கலியாணப் பெண்ணுக்குப் பின்னுகிற மாதிரி, உச்சியிலிருந்து நுனிவரை ஒரே சீராக.

“ஆரது?” என்றாள்.

உலர்த்துகிற மிசினுக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். அவளுடைய தோளளவு உயரம். மண்ணிற வெயிஸ்ட்கோட். காது மட்டும் கொஞ்சம் கூர்.

“லுத்தேன்,” என்றான், நெஞ்சைத் தொட்டு.

அது அவனுடைய பெயரல்ல, இனம். குதிரை லாயத்தில் குடியிருந்து, யாரும் பார்க்காத நேரத்தில் குதிரைப் பிடரியைப் பின்னிவிடுகிற மாயக்காரரை இங்கே பிரெஞ்சுக்காரர் அப்படித்தான் சொல்வார்கள். றோசலினின் காதில் விழுந்தது ‘லூர்து’. பேசாலையில் தெருவுக்குத் தெரு ஒரு லூர்து உண்டு. கூர்க் காதைப் பார்த்துக் கத்தவேண்டிய நேரத்தில், நல்ல வேதக்காரப் பெயர் என்று அவள் ஆறுதலடைந்துவிட்டாள்.

“உங்களுடைய கூந்தல்,” என்று அவன் பிரெஞ்சில் தடுமாறினான், “குதிரையினுடையது மாதிரி.”

முந்நூறு வருடங்களில் அவனுக்குத் தெரிந்த ஆகப்பெரிய பாராட்டு அது.

“குதிரையோ? வடிவாத்தான் கதைக்கிறீர்,” என்றாள் றோசலின் தமிழில். அந்த ‘நீர்’ தன்பாட்டில் வந்துவிட்டது. புருஷனுக்குப் பிறகு அவள் யாரையும் ‘நீர்’ போட்டுக் கூப்பிட்டதில்லை.

மூன்று மாதத்தில் அவன் பேசாலைத் தமிழைப் பிடித்துக்கொண்டான். வேலை பாதி, கதை பாதி என்று கதை வெளியே வந்தது. அவன் பிரான்சிலிருந்து ஒரு பெட்டைக் குதிரையின் பிடரிக்குள் ஒளிந்து கப்பலில் வந்தவன். அவனுடைய இனத்தாரைப் பிடிக்க ஒரு வழி உண்டு: லாயத்தில் ஆளிவிதையைக் கொட்டிவிட வேண்டும். சிந்தினதைக் கடைசி மணிவரை பொறுக்காமல் அவனால் நகர முடியாது. பொறுக்கிக்கொண்டிருந்தவனை மதாமின் பரம்பரையில் மூத்த தாத்தா ஒருவர் அமுக்கிப் பிடித்தார். “என் குடும்பத்தில் ஒருவர் உனக்கு மெர்சி சொல்லும்வரை இந்த வீட்டுக்கு ஊழியம் செய்வாயா?” என்று கேட்டார். இது என்ன பெரிய காரியம், நாளைக்கே யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நம்பி அவன் ஆமென்றான். தாத்தா அன்றைக்கே பிள்ளைகளைக் கூப்பிட்டு, வேலை செய்கிற எவருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார். லாயம் இடிந்து கல்வீடு வந்தது, குதிரை போய்க் கார் வந்தது. ஊழியம் மட்டும் அப்படியே இருந்தது.

“பின்கதவால ஓடியிருக்கலாமே?” என்று றோசலின் கேட்டாள்.

“ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“சொன்னா என்ன? ஊரில ஆக்கள் கோயில்ல சத்தியம் பண்ணிப்போட்டே ஓடுறாங்கள்.”

லூர்து அதைப் பகிடி என்று விளங்கிக்கொள்ளவில்லை. அவனுடைய ஆட்களுக்குச் சொல் என்றால் சொல்தான். அதற்கு முன்வாசல், பின்வாசல் கிடையாது.

அவன் மதாமின் கண்ணுக்குத் தெரியமாட்டான். அந்த வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரிவான். இதில் மாயம் எவ்வளவு, மதாம் போன்றவர்களின் பார்வைக் கோளாறு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். றோசலினும் அந்த வீட்டில் பாதி நாள் தெரியாமல்தான் நடமாடினாள்.

“எனக்கு முதல் இருந்த வேலைக்காரியளும் கண்டவையோ?”

“கண்டவை. ஐரிஷ்காரப் பிள்ளை ஒண்டு ஒவ்வொரு நாளும் மெர்சி சொன்னது, பாவம். வேலைக்காரி சொன்னாச் செல்லாது.” பிறகு கேட்டான்: “நீர் ஒருநாளும் சொல்லேல்லை. ஏன்?”

“சொந்தக்காரருக்கு ஆரும் சொல்லுவினமே?”

லூர்து தலையைக் குனிந்துகொண்டான். முந்நூறு வருடங்களாக அந்தச் சொல்லை அவனுக்குச் சொல்லாதவர்கள் எல்லோரும் அவனைக் கீழே வைத்திருந்ததால் சொல்லாதவர்கள். பக்கத்தில் வைத்திருப்பதால் சொல்லாத ஒருத்தி வருவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. அன்று பின்னேரத்துக்குள் வீட்டிலுள்ள திரைச்சீலைக் கயிறு ஒன்று மிச்சமில்லாமல் பின்னி முடித்தான்.

அன்றிலிருந்து றோசலினுக்கு ஒரே யோசனை. மதாமின் வாயிலிருந்து ஒரு மெர்சி விழவேண்டும். விழுந்தால் லூர்து அவளோடு பஸ் ஏறி நோத்ர-டாம்-த-கிரேஸுக்கு வரலாம். வந்து அவளுடைய ஒற்றை அறையில் ஒரு கதிரையில் சும்மா இருக்கலாம். அவனைச் சும்மா இருக்கப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு யோகராணியிடம் மட்டும் மெல்லக் காதில் போட்டாள். யோகராணி யாழ்ப்பாணம். இரண்டு பேரும் அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்பில் ஒரே வாங்கு.

“ஆள் எவடம்?” என்றாள் யோகராணி. நம்மவர்களிடம் காதலைச் சொன்னால் முதல் கேள்வி இதுதான்.

“வேலை செய்யிற வீட்டிலதான். வெள்ளை.”

“வயசு?”

“என்னிலும் கொஞ்சம் கூட.”

“விசாப் பேப்பர் இருக்கோ?”

“இல்லையப்பா.”

“எப்ப வந்தவராம்? எண்பத்திமூண்டுக் கலவரத்துக்குப் பிறகோ?”

“அதுக்கு முதல். கப்பல்ல.”

“கப்பல்ல வந்தும் இன்னும் பேப்பர் இல்லையோ!” என்று யோகராணி நெஞ்சில் கை வைத்தாள். “பிடிச்ச லோயர் சரியில்லையடி.”

முயற்சி தொடங்கியது. லூர்து சரவிளக்கைத் துடைத்த துடைப்பில் மத்தியான வெயில் சுவரெல்லாம் ஓடியது. மதாம் அண்ணாந்து பார்த்து, “சே கொறெக்ட்” என்றார். தொலைந்துபோன வைரத்தோட்டை, றோசலின் கல்லூரி மாணவியாக இருந்த காலத்திலேயே தொலைந்த தோட்டை, சுவர் இடுக்கிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார்கள். “இவ்வளவு காலம் ஏன் தேடவில்லை?” என்றார் மதாம். ஒரு நாள் சீஸ் தொண்டையில் சிக்கி மதாம் நீலமாகிவிட்டார். லூர்து நாற்காலியில் ஏறி முதுகில் ஓங்கிப் போட்டான். சீஸ் வெளியே வந்தது. மதாமின் கண்ணில் தண்ணீர். உதடு குவிந்தது. றோசலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதாம் தொலைபேசியை எடுத்துத் தன் டொக்டருக்கு மெர்சி சொன்னார், நெஞ்சை இவ்வளவு பலமாக வைத்திருப்பதற்கு.

இதற்கிடையில் யாரும் கவனிக்காத ஒரு கேடு வளர்ந்துகொண்டிருந்தது. லூர்து முன்பு வீட்டுக்காக வேலை செய்தான். இப்போது றோசலினுக்காகச் செய்தான். அவளுடைய கை ஒரு துணியைத் தொடமுன் அது மடிந்திருந்தது. மத்தியானத்துக்குள் வீடு பளிச்சென்றிருக்கும். பிறகு இருவரும் தோய்க்கிற அறையில் இருப்பார்கள், அவள் கதிரையில், அவன் பின்னால் கையில் சீப்போடு. நகரத்தில் கண்ணாடிக் கட்டடமொன்றின் உச்சியில் வசிக்கிற மதாமின் மகள் ஒரு நாள் சொல்லாமல் வந்தாள். வேலைக்காரி பட்டப்பகலில் தனியாகக் குந்தியிருந்து, கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பதைக் கண்டாள். வீடெல்லாம் விரலால் தேய்த்துப் பார்த்தாள். தூசு இல்லை. தூசு இருந்திருந்தால் திட்டோடு போயிருக்கும்.

போகும்போது மகள் சொன்னாள்: “றோசலின், வெள்ளிக்கிழமை உங்களை ரெமெர்சியே பண்ணப்போகிறோம்.” பூனைக்கு ஊசி போடப்போகிறவரின் கனிவு குரலில்.

ரெமெர்சியே. றோசலினுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வகுப்பில் அந்த வினைச்சொல்லைப் பாடமாக்கியிருக்கிறாள்: மெர்சி சொல்லுதல். யோகராணியும் உறுதிப்படுத்தினாள். “ரீச்சர் போர்டில எழுதிப் போட்டவவெல்லோ. நாள் குறிச்சுச் சொல்லினம் எண்டா கேக் வெட்டுவினமடி. நல்ல சீலையா உடுத்துக்கொண்டு போ.” லூர்தையும் கேட்டாள். அவனுடைய பிரெஞ்சு முந்நூறு வருடம் பழையது. அவனறிந்த லாயத்தில் ஊழியரை வெளியே அனுப்ப உதை போதும், சொல் தேவைப்படவில்லை. “மெர்சி சொல்லுறதுதான்,” என்றான். அவனுடைய காது நுனி சிவந்திருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மெர்சி அவளுக்குத்தானே, அவனுக்கு எப்படிச் சேரும்? அதற்கும் றோசலின் வழி கண்டாள். பிரெஞ்சில் ‘வூ’ என்றால் நம்முடைய ‘நீங்கள்’ மாதிரி. மரியாதைக்கு ஒருவரையும் சொல்லலாம், கூட்டத்தையும் சொல்லலாம். “நீர் என்ர பக்கத்தில ஒட்டிக்கொண்டு நில்லும். ‘வூ’ எண்டு சொல்லேக்க ரெண்டு பேரிலயும் விழும்.”

வெள்ளிக்கிழமை. ஏப்ரல் மாதத்து அழுக்குப் பனி உருகிக்கொண்டிருந்தது. மயில்கழுத்து நிறச் சீலை, அதற்கு மேல் குளிர்க்கோட், காலில் சப்பாத்து. மகள் சமையலறையில் காத்திருந்தாள். மதாமை முந்தின நாளே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய் விட்டார்களாம். வீடு விலைக்குப் போகிறதாம். லூர்து வெயிஸ்ட்கோட்டைத் தட்டித் துடைத்துக்கொண்டு, றோசலினின் முந்தானை நுனியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

மகள் ரிபன்கள் தொங்கும் ஒரு பெட்டியை நீட்டினாள். உள்ளே வாசனை மெழுகுதிரி. எந்தப் புனிதரின் சுருவத்துக்கு முன் ஏற்றுவது என்று அதில் போட்டிருக்கவில்லை. “ஆகவே,” என்றாள் மகள், “நூ வூ ரெமெர்சியோன்.” உங்களுக்கு மெர்சி சொல்கிறோம்.

முந்தானை தளர்ந்த மாதிரி இருந்தது. றோசலின் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் யாருமில்லை.

போய்விட்டார்! விடுபட்டுவிட்டார்! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வாசலில் நிற்பார், பஸ் தரிப்பிடம் தெரியாதே, ஓடவேண்டும். ஓடப்போனவளை மகள் மறித்துக் கையை நீட்டினாள்.

“பின்கதவுத் திறப்பு.”

“ஏன் திறப்பு?”

“ரெமெர்சியே செய்துவிட்டோமே.” மகள் பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வது மாதிரி விளக்கினாள். வேலையிலிருந்து நிறுத்துவதை இந்த ஊரில் நாகரிகமாக அப்படிச் சொல்வார்கள். இன்றோடு முடிந்தது. நாளையிலிருந்து வரத் தேவையில்லை.

றோசலினின் கையிலிருந்த பெட்டியில் மூன்று ரிபன்கள் தொங்கின. அவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, இறங்கி, தம்பாட்டில் பின்னப்பட்டுக்கொண்டிருந்தன. விரல் தெரியவில்லை. அவன் எங்கேயும் போகவில்லை. அவளுக்கு அங்கே வேலை இல்லாமல் போனதில், அவளுடைய கண்தான் போய்விட்டது. ரிபன் பாதியில் நின்றது. அவனுக்கும் விளங்கிவிட்டது போல.

“அந்த மெர்சியைத் திருப்பி எடுங்கோ,” என்றாள். தமிழில்தான் முதலில் வந்தது. பிறகு பிரெஞ்சில் சொன்னாள். மகள் பயந்துபோனாள். வழக்குப் போடப்போகிறாள் என்று நினைத்து, இன்னொரு மெழுகுதிரி எடுத்துவந்து கொடுத்தாள்.

“சம்பளம் வேண்டாம், மதாம். சும்மா செய்யிறன். என்னை வேலைக்காரி எண்டு மட்டும் வைச்சிருங்கோ.”

மகளின் முகம் கடுத்தது. “சம்பளமில்லாமல் ஆளை வைத்து வேலை வாங்குவதா? நாங்கள் அப்படிப்பட்ட குடும்பமல்ல.”

ரிபன் அசையவில்லை.

வேலையை விட்டு நிறுத்துகிற ரெமெர்சியே செல்லாது, ஆனால் மகளும் குடும்பம்தானே, நேராக ஒரு மெர்சி சொன்னால் செல்லுமே என்று அப்போதுதான் றோசலினுக்கு உறைத்தது. மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “ஒருக்காச் சொல்லுங்கோ. மெர்சி லூர்து எண்டு. ஒருக்கா.”

“லூர்தா?” மகள் கையை உருவிக்கொண்டாள். லூர்து மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறாள் என்றுதான் அவளுக்கு விளங்கியது. “உங்களுடைய நம்பிக்கையை மதிக்கிறேன், றோசலின். ஆனால் எனக்கு மதம் இல்லை. இந்த மாகாணத்தில் யாரும் யாரையும் கும்பிட வைக்க முடியாது.” லுத்தேன் என்று சொல்லியிருந்தால், ஒருவேளை, சிரிப்புக்காகவாவது சொல்லியிருப்பாள். அந்தப் பெயர் றோசலினுக்குத் தெரியாது. அவளுக்கு அவன் முதல் நாளிலிருந்தே லூர்து.

பையிலிருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தாள். பின்கதவடியில் நின்று, உள்ளே ஒருவரும் தெரியாத நடைவழியைப் பார்த்தாள். “போட்டு வாறன்,” என்றாள்.

பஸ் மலைச்சரிவில் இறங்கும்போதுதான் தான் சொன்னது அவளுக்கு மண்டையில் அடித்தது. ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வெளிக்கிடுவாள், ஒவ்வொரு காலையும் வந்தும் இருக்கிறாள். நம்மவர்கள் யார்தான் வீட்டைவிட்டுப் போகும்போது போறன் என்கிறார்கள்? வராதவரும் வாறன் என்றுதான் சொல்வார். ஆனால் உள்ளே நிற்பவனுக்குச் சொல் என்றால் சொல். வாறன் என்றாள், வருவாள். அவன் பின்கதவடியில் நிற்பான். வீடு கைமாறினாலும் நிற்பான்.

மணியை அடித்து இறங்கினாள். சாரதிக்கு மெர்சி சொல்லவில்லை. சீலை சேற்றில் இழுபட, மேட்டில் ஏறித் திரும்பி ஓடினாள். பின்வாசல் பூட்டியிருந்தது. இரண்டு மெழுகுதிரிப் பெட்டிகளையும் நிலத்தில் வைத்துவிட்டு, கதவில் வாயை வைத்துக் கத்தினாள்.

“லூர்து! நான் போறன்! போறன், கேக்குதே? இனி வரமாட்டன்!”

கத்தின பிறகுதான் நினைவு வந்தது. அவனுக்கு எவ்வளவோ தமிழ் சொல்லிக்கொடுத்தாள். போறன், வரமாட்டன் என்ற இரண்டு சொல்லை மட்டும் கொடுக்கவில்லை. வாசலில் நின்று சொல்லக் கூடாத சொல்லை எவள் வேலைமினக்கெட்டுச் சொல்லிக்கொடுப்பாள்? மேல்மாடி யன்னலில் மகள் தொலைபேசியோடு நின்று பார்த்தாள், வேலை போன கோபத்தில் ஒருத்தி தன் மொழியில் சாபம் போடுவதை.

அப்போ பிரெஞ்சில். றோசலின் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு தேடினாள். இனி வரமாட்டேன். இனி ஒருநாளும் வரமாட்டேன். கிடைத்தது ஒன்றுதான்: “ஜு வியென் பா.” நான் வரவில்லை. இப்போது வரவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இப்போது வராவிட்டால் என்ன, பிறகு வருவாள் என்று ஒருவன் காத்து நிற்கலாம். வகுப்பில் இறந்தகாலம் முடித்திருந்தார்கள். எதிர்காலத்தை ரீச்சர் இன்னும் தொடங்கவில்லை.